ஆடுகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை நமக்கு யார் தந்தது?



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து நம் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வகையான காணொளிகள் ஓயாமல் சுற்றி வருகின்றன. தகரக் கூரை வேய்ந்த ஒரு ஜெபக்கூடம். கீபோர்டும் டிரம்ஸும் முழங்குகின்றன. பெண்கள் கைகளை உயர்த்தி ஆடுகிறார்கள். ஒருத்தி தலைமுடி அவிழச் சுழல்கிறாள். முதியவர் ஒருவர் தரையில் விழுந்து நடுங்குகிறார். அதன் மேல் திரைப்படக் குத்துப்பாட்டு ஒன்றை யாரோ ஒட்டிவிட்டிருக்கிறார்கள். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நிற்கின்றன. இதுவா வணக்கம் என்று ஒருவர் கேட்கிறார். இன்னொருவர் அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தை எடுத்து ஒட்டுகிறார். அத்துடன் மார்க்கப் பணி முடிந்துவிட்டது என்ற நிறைவோடு எல்லோரும் உறங்கச் செல்கிறார்கள்.

இது மார்க்கப் பணி அன்று என்பதே நம் வழக்கு. கிறிஸ்தவச் சகோதரர்கள் ஆடித் துதிப்பதை நாம் வணக்கமாக ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டோம். ஆனால் ஏற்காதிருப்பது வேறு, எள்ளி நகையாடுவது வேறு. முன்னது நம் ஈமானைச் சேர்ந்தது. பின்னதற்கு நம் மார்க்கத்தில் இடமே இல்லை.

முதலில் நம் நிலையை மயக்கமின்றிச் சொல்லிவிடுவோம். வணக்கத்தின் வடிவத்தை நாமாக வகுத்துக்கொள்ள நமக்கு அனுமதி இல்லை. தாம் தொழக் கண்டவாறே தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டார்கள். நிலை, ருகூஃ, ஸுஜூது, இருப்பு என்று ஒவ்வொரு அசைவும் நமக்குக் கற்றுத் தரப்பட்டதே. ஆகவே இஸ்லாம் உடலை ஒதுக்கிவிட்டு உள்ளத்தால் மட்டும் வணங்கச் சொல்கிற மார்க்கம் அன்று. நெற்றி மண்ணில் படாமல் நம் தொழுகை இல்லை. நாமும் உடலால்தான் வணங்குகிறோம். ஆனால் கற்பிக்கப்பட்ட அசைவுகளைக் கூட்டவும் மாட்டோம், குறைக்கவும் மாட்டோம். அவர்களோ உள்ளம் பொங்குகிறபோது உடல் தன் வழியில் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வேறுபாடு பெரியது. இதைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து நெடுநேரம் பேசலாம், வாதிடவும் செய்யலாம். குத்துப்பாட்டு ஒட்டுகிறவர் இந்த வேறுபாட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இனி, அந்த 35ஆம் வசனம். அது மக்காவின் இணைவைப்போரைப் பற்றியது. இறையில்லத்தின் அருகே அவர்களுடைய தொழுகை சீட்டியடிப்பதும் கைதட்டுவதுமாக இருந்தது என்று அது கண்டிக்கிறது. நபி (ஸல்) அவர்களின் தொழுகையைக் குலைப்பதற்காகவே அவர்கள் அவ்வாறு செய்தார்கள் என்று விளக்கம் தந்த விரிவுரையாளர்களும் உண்டு. நம் வணக்கத்தில் கைதட்டலையும் கூச்சலையும் நுழைக்கக் கூடாது என்பதற்கு அதிலிருந்து ஆதாரம் காட்டினால் தலைவணங்கி ஏற்போம். அடுத்த தெருவின் ஜெபக்கூடத்தில் ஆடுகிற மூதாட்டியைக் கேலிப்பொருளாக்க அதில் எந்த எழுத்து இடம் தருகிறது? அதே குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்தில், 108ஆம் வசனம், அல்லாஹ்வையன்றி மற்றவர்கள் அழைப்பவற்றைக்கூட ஏச வேண்டாம் என்று நம்மைத் தடுக்கிறது. ஏசினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசுவார்கள் என்று காரணமும் கூறுகிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதை விலக்குகிறது. அது முஸ்லிம்கள் தமக்குள் பேண வேண்டிய ஒழுக்கம் என்று சில சகோதரர்கள் மறுமொழி கூறுவர். வெளியாரை ஏளனம் செய்யலாம் என்ற அனுமதியை அந்த வசனத்தில் எங்கே கண்டார்கள் என்று அவர்களே காட்டட்டும்.

கேலிக்குத் துணையாக அறியாமையும் சேர்ந்துகொள்கிறது. இந்த ஆட்டமெல்லாம் அமெரிக்காவிலிருந்து டாலரோடு இறங்கியது என்று நம் பேச்சாளர் சிலர் மேடையில் முழங்குகிறார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாகப் பலரும் சுட்டுவது, 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அசூசா தெருவில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களை. அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1860இல், தென் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதை அந்தப் பேச்சாளர்கள் படித்ததில்லை. இன்றைய நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்டியான்பேட்டையில், ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழர் ஊர் ஒன்றை அமைத்து ஊழியம் செய்துவந்தார். பாளையங்கோட்டையில் ரேனியசிடம் பயின்றவர் அவர். அந்த ஆண்டில் அவருடைய மக்களிடையே ஓர் எழுச்சி எழுந்தது. ஆண்களும் பெண்களும் நடுங்கினார்கள், மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், தரையில் விழுந்தார்கள், புரியாத மொழிகளில் பேசினார்கள். அக்காலத்து மிஷனரி இதழ்களில் இச்செய்திகள் பதிவாகியுள்ளன. அவற்றை எழுதிய வெள்ளைக்காரப் பாதிரிமார்களில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். ஆக, தரையில் விழுகிற அந்த வழிபாடு இந்தக் கரிசலுக்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. அது சரியா தவறா என்பது வேறு வாதம். ஆனால் இறக்குமதிச் சரக்கு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

உண்மையில் வெளியிலிருந்து வந்தது அடக்கந்தான். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலையில் ஒரு நிலையத்தை நடத்தியது. அவர்களுடைய மரபில் வழிபாடு என்றால் வரிசையாக அமர்வது, பாடுவது, நெடிய பிரசங்கம் கேட்பது. அவர்களுள் எட்வர்ட் வெப் என்பவர், மேனாட்டு மெட்டுகள் தமிழருக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் முதலியோரின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் அச்சிட்டார். சாஸ்திரியார் சரபோஜி மன்னரின் அவையில் இருந்தவர். குறவஞ்சி என்கிற ஆடற்கூத்து வடிவத்திலேயே பெத்லகேம் குறவஞ்சியை எழுதியவர். பாட்டு உள்ளே வந்தது. அதன் கூடப்பிறந்த ஆட்டம் வாசலில் நிறுத்தப்பட்டது.

அந்த வாசற்படியில் நின்ற சண்டை இன்றும் ஓயவில்லை. கத்தோலிக்கர்கள் பக்கம் திருச்சிராப்பள்ளியில் 1977இல் கலைக்காவிரி தொடங்கப்பட்டு, பரதநாட்டியத்தில் கிறிஸ்தவக் கதைகள் ஆடப்பட்டன. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான், மேனாட்டுத் திருவழிபாட்டுக்குள் நடனத்தைக் கொண்டுவர இயலாது என்றும், வேறு சில பண்பாடுகளில் நடனம் சமயப் பொருளை உடையது என்றும் வத்திக்கானின் வழிபாட்டுத் துறை இதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. நம்மவர்கள் நினைப்பதுபோல் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஆடுகிறவர்கள் அல்லர். ஆடுவதை நம்மைவிடக் கடுமையாக எதிர்க்கும் கிறிஸ்தவர்கள் அருப்புக்கோட்டையிலேயே இருக்கிறார்கள்.

நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது மதுரை அரசரடியில் நடந்ததை. அங்குள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று மாணவர்கள் அழைத்தவர், 2005இல் மறைந்தார். அவர் கீர்த்தனைகளையே கேள்விக்கு உட்படுத்தினார். கர்நாடக இசை மேற்சாதியாரின் இசை, சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவனின் நாவும் தோளும் அதில் அசைவதில்லை என்று வாதிட்டு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டு முறையையே அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதை இராப்போசனத்தின் பொருளாகக் கண்டார். அவரைப் போன்றோரின் முயற்சியால் பறை கோயிலுக்குள் வந்தது. பறை என்றால் என்ன என்பதை இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாவு வீட்டுக்கு அடிக்கிற தோல், அடிக்கிறவன் தீண்டத்தகாதவன் என்று ஊர் ஒதுக்கிவைத்த கருவி அது. அதை அடித்துக்கொண்டு, காலைத் தூக்கி வைத்து, தங்கள் கடவுள் முன்னிலையில் ஒரு கூட்டம் ஆடுமானால், அந்த ஆட்டத்தில் களியாட்டத்தை மட்டும் காண்பவர் பாதிதான் கண்டவர்.

உடல் எப்படி நிற்க வேண்டும், எப்படி வளைய வேண்டும் என்பதைக் காலங்காலமாக இந்த வறண்ட நிலத்தில் சாதிதான் வகுத்து வைத்திருந்தது. மேல்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பேசும்போது வாயைப் பொத்த வேண்டும். எங்கள் பாட்டன்மார் கண்ட காட்சி இது, நூல்களில் மட்டும் படித்தது அன்று. வாரம் முழுவதும் மிளகாய்க் காட்டில் குனிந்தும் நூற்பாலையில் நின்றும் பிறருக்காகவே அசைந்த உடல், ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருடைய உத்தரவுமின்றி அசைகிறது. அந்த அசைவு செல்லும் திசை தவறு என்று நாம் நம்புகிறோம். அந்த வேட்கை தவறு என்று எப்படிச் சொல்வோம்? நம் பள்ளிவாசலின் அணிவரிசை அதே வேட்கைக்கு வேறொரு விடையைத் தருகிறது. அங்கே தோளோடு தோள் உரச நிற்க வேண்டும். முதலில் வந்தவர் முதல் வரிசையில். நெற்றி படைத்தவனுக்கு மட்டுமே தாழும். 1981இல் தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்து மக்கள் கூட்டமாகக் கலிமா சொன்னபோது அவர்களை ஈர்த்தவற்றுள் இந்த வரிசையும் ஒன்று. வாயைப் பொத்தி நின்றவர்கள் நிமிர்ந்து நிற்க விரும்பினார்கள். அதே பசியோடு வேறு கதவைத் தட்டியவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு நாம் எப்போது பெரிய மனிதர்களானோம்?

இனி, ஆடுகிறவர்கள் தங்கள் செயலுக்குக் காட்டும் ஆதாரத்தையும் பார்த்துவிடுவோம். அவர்களுடைய வேதத்தில் 2 சாமுவேல் ஆறாம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்குள் கொண்டுவரப்படும்போது தாவீது தம் முழுப் பலத்தோடும் நடனமாடினார் என்று எழுதப்பட்டுள்ளது. சவுலின் மகளும் தாவீதின் மனைவியுமான மீகாள் சன்னல் வழியே அதைக் கண்டு உள்ளத்தில் இகழ்ந்தாள், பின்பு நேரிலும் குத்திப் பேசினாள் என்றும், இறைவன் முன்னிலையில் இதைவிடவும் தாழ்ந்துபோகத் தயார் என்று அவர் மறுமொழி சொன்னார் என்றும் அக்கதை தொடர்கிறது. நமக்கோ அவர் தாவூத் (அலை). ஸபூர் வேதம் அருளப்பெற்ற இறைத்தூதர். அவரோடு மலைகளும் பறவைகளும் துதித்தன என்று ஸபஃ, ஸாத் அத்தியாயங்களில் படிக்கிறோம். வேதக்காரர்கள் அறிவிப்பவற்றை, நம்மிடம் தெளிவு இல்லாதபோது, மெய்ப்பிக்கவும் வேண்டாம் பொய்ப்பிக்கவும் வேண்டாம் என்பது புகாரீயில் உள்ள நபிவழி. ஆகவே தாவூத் (அலை) ஆடினார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஓர் இறைத்தூதரின் வழி என்று நம்பி ஒருவர் செய்கிற செயலைக் கண்டு வாய்விட்டுச் சிரிக்குமுன், ஓர் இறைநம்பிக்கையாளனின் நாக்கு சற்றுத் தயங்க வேண்டாமா? அந்தக் கதையில் சிரித்தவளின் இடத்தில் போய் உட்கார நமக்கு ஏன் இத்தனை அவசரம்?

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்கே வருவோம். ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டிகளோடு அங்கே விளையாடினார்கள். முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பில் ஆடினார்கள் என்று பொருள்படும் சொல்லே வருகிறது. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களைத் தம் பின்னால் நிற்கவைத்து, அவர்கள் சலிக்கும்வரை காணச் செய்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அவர்களைத் தடுக்கச் சிறு கற்களை எடுத்தபோது, விட்டுவிடுமாறு நபியவர்களே கூறினார்கள். இது வணக்கம் அன்று, ஆயுதப் பயிற்சி என்று இமாம் நவவீ (ரஹ்) முதலியோர் விளக்கியுள்ளனர். அதையே நாமும் ஏற்கிறோம். வணக்கத்தில் ஆடலாம் என்பதற்கு இதை ஆதாரமாக்குகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். நாம் இதிலிருந்து எடுப்பது ஒன்றுதான்: தமக்குப் பழக்கமில்லாத உடலசைவைக் கண்டதும் கல்லை எடுக்கும் கை அன்று அங்கே தடுக்கப்பட்டது. இன்று நம் கையில் கல்லுக்குப் பதிலாகக் கைப்பேசி இருக்கிறது.

அபிசீனியா என்றதும் நம் உள்ளம் நெகிழ்கிறது. மக்காவில் துன்புற்ற முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்தது கிறிஸ்தவரான நஜாஷி மன்னரின் நாடு அல்லவா? அந்நாட்டுத் திருச்சபையில் இன்றும் குருமார்கள் முரசும் சிலம்பு போன்ற உலோகக் கருவியும் ஒலிக்க, கைத்தடிகளை ஏந்தி, மெதுவாக அசைந்தாடி வழிபடுகிறார்கள். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாரெத் என்பவரைத் தம் வழிபாட்டு இசையின் தந்தையாக அவர்கள் போற்றுகிறார்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த நபித்தோழர்கள் அந்நாட்டவரின் வழிபாட்டை ஏளனம் செய்ததாக நாம் எங்கும் படித்ததில்லை. அங்கிருந்த தேவாலயம் ஒன்றையும் அதிலிருந்த உருவப்படங்களையும் பற்றி உம்மு ஹபீபா (ரலி), உம்மு ஸலமா (ரலி) இருவரும் கூறியபோது, நல்லோரின் அடக்கத்தலத்தின் மேல் வணக்கத்தலம் எழுப்புவதையும் அதில் உருவங்களை வரைவதையும் நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். கவனியுங்கள், கண்டனம் இருக்கிறது, மிகவும் கூர்மையாகவே இருக்கிறது. அது கொள்கையின் வேரைத் தொடுகிறது. வழிபட்டவர்களின் கைகால் அசைவைப் பழித்துக்காட்டும் கூத்து அதில் இல்லை.

நம் வீட்டுக்குள்ளும் சற்று எட்டிப் பார்ப்போம். இறையிசை கேட்டு மெய்ம்மறந்து அசைவது கூடுமா என்ற கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் ஒரு முழுப் பகுதியையே ஒதுக்கி, நிபந்தனைகளோடு இடம் தருகிறார். இப்னு தைமிய்யா (ரஹ்) அதை உறுதியாக மறுக்கிறார். இரு பேரறிஞர்களும் கருத்தைக் கருத்தால்தான் சந்தித்தார்கள். திக்ரு மஜ்லிஸ்களில் உடல் ஆடுவதும், ரிஃபாயீ ராத்திபில் தஃப்பு ஒலிப்பதும், சந்தனக்கூட்டின் முன்னால் மேளம் முழங்குவதும் நம் தமிழகத்தில் இல்லாதவையா? சிவகங்கை மாவட்டத்து முதுவன்திடலில் முஹர்ரம் நாளில் இந்துச் சகோதரர்கள் பூக்குழி இறங்குகிறார்கள். இவற்றையெல்லாம் பித்அத் என்று ஒரு சாரார் கண்டிக்கிறார்கள். கண்டிக்கட்டும், அது அவர்களின் நிலைப்பாடு. ஆனால் சந்தனக்கூட்டுக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்த கையாலேயே ஜெபக்கூடத்துக் காணொளிக்குச் சிரிப்புப் பொம்மை போடுகிறவருக்கு எந்த நிலைப்பாடும் இல்லை.

சாமியாட்டத்துக்குச் சிலுவை மாட்டிவிட்டார்கள் என்று ஒரு வாதமும் நம்மிடையே உலவுகிறது. இருக்கலாம். கோடாங்கி உடுக்கடிக்க அருள் வந்து ஆடிய ஊர்களில், பழைய உடல் தன் பழக்கத்தைப் புதிய கூரையின் கீழும் கொண்டுவருவது இயல்பே. ஆனால் இந்த ஒப்புமையை இன்னொருவர் நம்மீதும் வீசலாமே என்பதை நம்மவர்கள் எண்ணுவதில்லை. வலம் வருவதும் தலை மழிப்பதும் எங்கும் இருப்பவைதாமே என்று ஹஜ்ஜைச் சுட்டிக் கேட்பவர்களை நாம் சந்தித்ததில்லையா? அப்போது நாம் சொல்லும் விடை என்ன? வெளிவடிவத்தைப் பார்க்காதே, யாருக்காக, யார் கட்டளைப்படி செய்கிறோம் என்பதைப் பார் என்கிறோம். அந்த அளவுகோலைப் பிறருக்கும் நீட்டுவதுதான் நீதி. அந்த அளவுகோலால் அளந்தாலும் அவர்களிடம் நாம் ஏற்கமுடியாதவை உண்டு. ஆயினும் அவை வேறு இடத்தில், அவர்கள் யாரை அழைக்கிறார்கள் என்பதில் இருக்கின்றன. காலசைவில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அவர்களின் ஆட்டத்தைப் பார்த்து இதுவா வணக்கம் என்று கேட்கிறவர்கள், ரமளானில் நம் பள்ளிகள் சிலவற்றில் நடக்கும் தராவீஹைக் கொஞ்சம் தள்ளி நின்று காண வேண்டும். இருபதா எட்டா என்று ஊர் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த பிறகு இரண்டையும் ஒரே வேகத்தில் முடிக்கிறார்கள். ருகூஃவுக்கும் ஸுஜூதுக்கும் இடையில் முதுகு நிமிர்வதே இல்லை. காகம் கொத்துவதுபோல் தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அமைதியின்றித் தொழுத ஒருவரை மூன்று முறை திருப்பி அனுப்பி மீண்டும் தொழவைத்தார்கள். உடலின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒழுங்கு கற்பிக்கப்பட்ட சமுதாயம் அந்த ஒழுங்கை இப்படிக் கொத்திப் போட்டுவிட்டு, ஒழுங்கு கற்பிக்கப்படாதவர்களைப் பார்த்துச் சிரிப்பது என்ன வகை நியாயம்? திருச்சுழி, மௌனத்தையே போதனையாகக் கொண்ட ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர். நிசப்தத்தின் அருமையை அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமானால், முதலில் நம் தொழுகையில் அது தெரிய வேண்டும்.

அந்தக் காணொளிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தம் வீட்டுப் பெண்ணின் நிழற்படம் முகநூலில் வந்துவிட்டால் துடித்துப்போகிற சகோதரர்கள், முடி அவிழ்ந்து முந்தானை நழுவிய நிலையில் இருக்கும் அயலாரின் மகளை நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் அந்நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனம் நம் பெண்களைக் காண்பதற்கு மட்டும் இறங்கியதா? ஏளனத்தைத் தடுத்த அல்ஹுஜுராத்தின் மறு வசனமே துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. சன்னல் வழியே எடுத்த படம் துருவல் இல்லையென்றால் வேறு எதுதான் துருவல்? அந்தப் பெண் அருப்புக்கோட்டையின் ஏதோ ஒரு தறிக்கூடத்தில் நம் பெண்களோடு வேலை செய்கிறவளாக இருக்கலாம். நம் வீட்டு நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிச் சென்றவளாகவும் இருக்கலாம். நாளை அவள் கைப்பேசிக்கும் அது போய்ச் சேரும், அனுப்பியவரின் பெயரோடு.

இவற்றைத் தயாரித்துப் பரப்புகிறவர்கள் யார் என்பதையும் நம் இளைஞர்கள் ஒருகணம் யோசிக்க வேண்டும். பாங்கொலியைக் கேலி செய்து, குனிந்து நிமிர்வதைக் கேலி செய்து வரும் காணொளிகளும் இதே பட்டறையிலிருந்து வருபவையாக இருக்கலாம் என்ற ஐயம்கூட அவர்களுக்கு எழவில்லை. 2021இல் ஹரியானா மாநிலத்துக் குருகிராமில் திறந்தவெளியில் ஜும்ஆ தொழுதவர்களைக் கோஷமிட்டுக் குலைத்தார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில் அதே மாநிலத்து அம்பாலாவில் தேவாலயத்து இயேசு சிலையை உடைத்தார்கள். குருகிராமில் தொழ இடம் இல்லாதபோது குருத்வாராவின் கதவைத் திறந்துவிட முன்வந்தார்கள் சீக்கியர்கள். அவர்கள் நம் தொழுகையை ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர். எள்ளாமல் இருந்தவர்கள், அவ்வளவே.

அப்படியானால் அழைப்புப் பணியையே விட்டுவிடுவதா என்று கேட்பார்கள். யார் விடச் சொன்னது? நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவக் குழுவினர் மஸ்ஜிதுந் நபவியிலேயே தங்கள் முறைப்படி கிழக்கு நோக்கி வழிபட்டார்கள் என்றும், தடுக்க முனைந்தவர்களை நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்னார்கள் என்றும் இப்னு இஸ்ஹாக்கின் சீரா கூறுகிறது. அதே குழுவினரோடுதான் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய நேருக்கு நேர் வாதமும் நடந்தது. வழிபட விட்ட பிறகு வாதிட்டார்கள். அந்த வாதத்துக்கு நாம் தயாரா? ஈஸா (அலை) அவர்களைப் பற்றி நாம் என்ன நம்புகிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், மர்யம் அத்தியாயத்தைத் திறந்து பத்து நிமிடம் பேச நம் இளைஞர்களில் எத்தனை பேரால் முடியும்? கேலிக்குப் படிப்புத் தேவையில்லை; அதனால்தான் அது இவ்வளவு எளிதாகப் பரவுகிறது.

நம்மிடம் முறையான குறைகளும் உண்டு. இரவு பதினொரு மணிவரை ஒலிபெருக்கியில் உபவாச ஜெபம் நடத்துவதைப் பற்றியும், நோய் தீரும் என்று வாக்களித்து ஏழைகளிடம் காணிக்கை வாங்கும் சில ஊழியர்களைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அவற்றை வாட்ஸ்அப்பில் பேசிப் பயனில்லை. ஜமாஅத்தார் இருவர் மூவராகப் போய், அந்தப் போதகரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்கட்டும். போவதற்கு முன்னால், நம் பள்ளிவாசல் மினாராவில் நான்கு திசைக்கும் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகளில் இரண்டைக் கழற்றிவிட்டுப் போகட்டும்.